கோவாத் தூள்

முகத்திலே பரு ஒன்று எழும்பிவிட்டால் உங்களுக்கு எத்துணைக் கவலை உண்டாகிறது என்பதை நான் அறிவேன். நானும் அந்த வயதைக் கடந்து வந்தவன்தான். கண்ணாடி முன்னே நிற்கும் பிள்ளையைப் பார்த்துப் பாட்டி, "சந்தனத்தை இழைத்துப் பூசு" என்பாள். அடுத்த வீட்டு அத்தை, "வேப்பங்கொழுந்தை மஞ்சளோடு அரைத்துப் போடு" என்பாள். அண்ணனோ மருந்துக் கடையிலிருந்து ஒரு குழாய்க் களிம்பை வாங்கி வந்து நீட்டுவான். பாட்டியின் மருந்து செடியிலிருந்து வந்தது, அண்ணனின் மருந்து தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி நாம் வழக்காடுகிறோம். ஆனால் அந்தக் குழாயின்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைச் சற்றுப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சாலிசிலிக் அமிலம் என்னும் பெயர் காணப்படும். அது ஒரு மரப்பட்டையின் வாயிலாக மனிதனுக்குத் தெரியவந்த பொருள்.

மரத்திலிருந்து மருந்துக் கடைக்கு வரும் பாதை நேரானதன்று. அதிலே வழி தவறியவர்களும் உண்டு. தவறிய வழியிலே புதையலைக் கண்டவர்களும் உண்டு. அத்தகைய ஒரு பொருளின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதன் பெயர் கோவாத் தூள். அது பருவுக்கு மருந்தன்று. அதைவிடக் கொடிய ஒரு தோல் அழற்சிக்கு மருந்தாயிற்று. எனினும் சாலிசிலிக் அமிலம் இந்தக் கதையின் நடுவே வந்து சேர்ந்துகொள்ளும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோவாவிலும் பம்பாயிலும் ஒரு தூள் விற்கப்பட்டு வந்தது. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். நாவில் வைத்தால் கசப்பு. படர்தாமரை என்று நாம் சொல்லும் தோல் நோய்க்கு அதைப் பூசுவார்கள். எலுமிச்சம்பழச் சாற்றிலோ காடியிலோ குழைத்துச் சில நாள் தடவினால் வட்டம் வட்டமாகப் படர்ந்த அரிப்பு மறைந்துவிடும். கோவா அன்று போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சி 1961இல்தான் முடிவுற்றது. அவர்களிடமிருந்து வந்த தூளாதலால் ஆங்கிலேயர் அதைக் கோவாத் தூள் என்றே வழங்கினர். ஆனால் எந்தச் செடியின் தூள் அது? கோவாவின் காடுகளில் அத்தகைய மரத்தைக் காட்ட ஒருவராலும் இயலவில்லை.

இந்தப் புதிரை அவிழ்த்தது ஒரு கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், அக்கட்டுரையைப் படித்த ஒரு வாசகர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர் ஜோசப் ஃபேரர். இந்தியாவின் நச்சுப் பாம்புகளைப் பற்றி 1872இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டவர் இவரே. இவர் 1874இல் இலண்டன் மருத்துவ இதழ் ஒன்றில், படர்தாமரைக்குக் கோவாத் தூள் நன்கு பயன்படுகிறது என்று எழுதினார். அந்த இதழ் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பிரேசில் நாட்டின் பாஹியா நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஜோசே ஃபிரான்சிஸ்கோ டா சில்வா லிமா என்ற மருத்துவர் இருந்தார். பெரிபெரி என்னும் நோயைப் பற்றி அந்நாட்டில் ஆராய்ந்தவர். உள்ளூர் ஏழைகளின் நோய்களைக் கண்ணூன்றிப் பார்க்கும் பழக்கமுடையவர். கட்டுரையைப் படித்ததும் அவருக்கு உண்மை புலனாயிற்று. இது நம்மூர் அராரோபாத் தூள் அல்லவா! 1875இல் அவர் அதை எழுதி விளக்கினார். பாஹியாவின் காட்டு மரத்திலிருந்து எடுக்கும் தூளைப் போர்ச்சுகீசியர் தங்கள் நாட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து தங்கள் கீழ்த்திசைக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். போர்ச்சுகீசிய மொழியில் அதற்குப் பாஹியாத் தூள் என்றே பெயர் இருந்தது. விற்ற இடத்தின் பெயர் விளைந்த இடத்தின் பெயரை விழுங்கிவிட்டது.

இதில் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் அடுக்களையிலேயே இத்தகைய கடல் கடந்த விருந்தினர் பலர் உண்டு. மிளகாயும் முந்திரியும் அன்னாசியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பறங்கிக்காயின் பெயரே அது யாரோடு வந்தது என்று சொல்கிறது. பெயரிட்ட தமிழன் அங்கே நேர்மையாக நடந்துகொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மரத்தை 1879இல் அகுவியார் என்பவர் ஆண்டிரா அராரோபா என்ற பெயரிட்டு விவரித்தார். இப்போது தாவரவியலார் அதை வேறொரு பேரினத்தில் சேர்த்து வட்டயிரியோப்சிஸ் அராரோபா என்கின்றனர். நம் அகத்தி, ஆவாரை முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த, மிக உயர்ந்து வளரும் மரம் அது. முதிர்ந்த மரங்களின் உள்வைரத்தில் வெடிப்புகளும் பொந்துகளும் ஏற்பட்டு அவற்றில் இந்தத் தூள் நிறைந்திருக்கும். மரத்தை வெட்டிச் சாய்த்துத் துண்டு துண்டாக அறுத்துப் பிளந்து, கோடரியின் கூர்ப்பகுதியால் தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்கும்போது வெளிர் மஞ்சளாக இருக்கும் தூள், காற்றுப் பட்டதும் கருக்கத் தொடங்கும். இதிலே ஒரு கொடுமை உண்டு. தூள் கண்ணில் பட்டால் கண் சிவந்து வீங்கும். முகத்தில் படிந்தால் முகம் எரியும். ஆகையால் அதைச் சுரண்டிய தொழிலாளர்கள் கண்ணையும் முகத்தையும் மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. பிறருடைய தோலை ஆற்றும் மருந்து தங்கள் தோலைச் சுட, அதைத் திரட்டித் தந்தவர்கள் அவர்கள். மருத்துவ நூல்களில் ஃபேரரின் பெயர் இருக்கிறது. சில்வா லிமாவின் பெயர் இருக்கிறது. அந்தக் கோடரிக்காரர்களில் ஒருவர் பெயரேனும் இல்லை.

இது நிற்க. கோவாத் தூள் படர்தாமரை மருந்தாக மட்டும் இருந்திருந்தால் அதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. இலண்டனில் பால்மன்னோ ஸ்குவயர் என்ற தோல் மருத்துவர் இருந்தார். அவரிடம் வந்த நோயாளி ஒருவருக்கு, தோலில் இருந்த படைகளைப் படர்தாமரை என்று கருதி, கோவாத் தூள் பூசப்பட்டது. படைகள் மறைந்தன. ஆனால் அந்த நோய் படர்தாமரையே அன்று, சோரியாசிஸ். மருந்து தவறான நோய்க்குப் பூசப்பட்டு, சரியான பலனைத் தந்துவிட்டது! ஸ்குவயர் 1876இல் இதைப் பற்றி எழுதினார். மேலும் பலருக்குக் கொடுத்துப் பார்த்து 1878இல் தனி நூலே வெளியிட்டார்.

சோரியாசிஸ் என்பதை நம் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பர். சாதாரணமாக நம் மேல்தோலின் உயிரணுக்கள் அடியில் தோன்றி, மேலே வந்து, உதிர்ந்து போவதற்கு ஒரு மாத அளவு ஆகும். இந்நோயில் அவை சில நாட்களிலேயே மேலே வந்து குவிந்துவிடும். தோல் சிவந்து தடித்து, அதன்மேல் வெள்ளி போன்ற செதில்கள் அடுக்கடுக்காக உதிரும். படர்தாமரை ஒரு பூஞ்சையினால் உண்டாவது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. காளாஞ்சகப்படை தொற்றாது. உடலின் காப்புப் படைகளே மாறுபட்டுத் தோலில் அழற்சியை மூட்டுவதால் அது உண்டாகிறது. இந்த வேறுபாடு மருத்துவனுக்கு மட்டும் உரிய நுணுக்கமென்று எண்ணிவிடாதீர்கள். தொழுநோயையும் இதையும் ஒன்றாகக் கருதிய காலம் மிக நீண்டது. 1841இல் வியன்னா மருத்துவர் ஹெப்ரா இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் வரை, நூல்களிலேயே குழப்பம் இருந்தது. தொழுநோயாளரை ஊருக்குப் புறம்பே தள்ளிய உலகத்தில், இந்நோயாளருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்றைக்கும் பேருந்தில் இவர்கள் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். 2014இல் உலக சுகாதாரப் பேரவை தனித் தீர்மானம் ஒன்றினால், இது தொற்றாத, நாட்பட்ட, துன்பம் மிகுந்த நோய் என்று எல்லா நாடுகளுக்கும் நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆகவே, படைகளை மறையச் செய்யும் ஒரு தூள் கிடைத்தது என்றால், அது சிலருக்கு மறுபடியும் மனிதர் நடுவே வந்து வாழ்வதற்குக் கிடைத்த அனுமதிச் சீட்டுப் போன்றது.

இனி இரசாயன நூலார் செய்ததைப் பார்ப்போம். தூளில் எது வேலை செய்கிறது? 1875இல் இலண்டன் அறிஞர் ஆட்ஃபீல்டு அதைப் பகுத்தார். நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஒரே பொருள் இருக்கக் கண்டு, அது கிரைசோஃபானிக் அமிலம் என்று முடிவு செய்தார். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இரேவற்சின்னிக் கிழங்கில் அவ்வமிலம் இருப்பது முன்பே தெரியும். ஸ்குவயரும் தம் களிம்புக்கு அந்தப் பெயரையே இட்டார். ஆனால் 1878இல் பெர்லின் நகரத்து லீபர்மன், சைட்லர் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து, அந்த முடிவு தவறு என்று காட்டினார். தூளில் இருப்பது அந்த அமிலம் அன்று. பிராணவாயுவோடு சேர்ந்தால் அந்த அமிலமாக மாறக்கூடிய வேறு ஒரு பொருள். கிரேக்க மொழியில் பொன் என்று பொருள்படும் சொல்லையும் அராரோபா என்ற பெயரையும் இணைத்து அதைக் கிரைசரோபின் என்றார்கள்.

லீபர்மன் யார் தெரியுமா? சாயங்களின் இரசாயனத்தில் பெயர் பெற்றவர். மஞ்சிட்டி இனத்து வேர்களிலிருந்து கிடைக்கும் சிவப்புச் சாயமாகிய அலிசரினின் இயல்பைக் கிரேபே என்பவருடன் 1868இல் கண்டறிந்து, அதைச் செயற்கையாகவும் செய்துகாட்டியவர். நம் சோழமண்டலக் கரையில் துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் அந்த அலிசரினே உள்ளது. செயற்கைச் சாயம் வந்த பின் சாயவேர் தோண்டி வாழ்ந்தவர்களின் தொழில் நசித்தது தனிக் கதை. இங்கே நமக்கு வேண்டியது இதுதான்: அலிசரினும் கிரைசரோபினும் இரசாயனக் குடும்பத்தால் உறவுடையவை. தோலை ஆற்றும் பொருளின் நெருங்கிய உறவினன் துணிக்குச் சாயம். கோவாத் தூள் களிம்பு பட்ட படுக்கை விரிப்பும் சட்டையும் ஊதாவும் பழுப்பும் கலந்த கறை பிடித்து, எவ்வளவு வெளுத்தாலும் போகாமல் இருந்ததன் காரணம் இப்பொழுது விளங்குகிறதல்லவா?

கறை மட்டுமா? எரிச்சல் வேறு. படையைச் சுற்றியிருந்த நல்ல தோலும் சிவந்து புண்ணாகும். தலையில் பூசினால் மயிரின் நிறம் மாறும். விரலில் ஒட்டிக் கண்ணுக்குப் போனால் கண் அழற்சி உண்டாகும். இந்தத் தீமையை மட்டும் நீக்கிவிட்டு நன்மையை வைத்துக்கொள்ள இயலாதா என்று மருத்துவர்கள் பல்லாண்டு முயன்றார்கள். அது எளிதன்று. ஏனெனில் லீபர்மன் காட்டியபடி கிரைசரோபின் பிராணவாயுவோடு சேரத் துடிக்கும் பொருள். தோலுக்குள் அது அவ்வாறு மாறும்போது தோன்றும் நிலையற்ற துகள்கள் உயிரணுக்களின் விரைந்த பெருக்கத்தைத் தடுக்கின்றன. அவையே நல்ல தோலையும் சுடுகின்றன. முழுவதும் மாறி முடிந்த பிறகு எஞ்சும் பொருளுக்கு நோயை ஆற்றும் வலிமை பெரும்பாலும் இல்லை. சுடுவதும் ஆற்றுவதும் ஒரே நெருப்பின் வேலையாக இருந்தன. செடியிலிருந்து வந்த மருந்தாகையால் கெடுதி செய்யாது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோவாத் தூள்தான் நினைவுக்கு வருகிறது.

முதல் உலகப் போர் மூண்டபோது பிரேசில் தூள் ஜெர்மனிக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அங்குள்ள பேயர் தொழிற்சாலையினர் அதற்கு ஈடாக ஒரு பொருளைச் செயற்கையாகச் செய்தனர். கிரைசரோபின் மூலக்கூற்றில் ஒரு கரியணுவும் மூன்று நீரக அணுக்களும் கொண்ட சிறு கிளை ஒன்று உண்டு. அந்தக் கிளையை நீக்கிய வடிவமே புதிய மருந்து. டிரெஸ்டன் நகரத்து கலெவ்ஸ்கியும் ஹாம்பர்க் நகரத்து உன்னாவும் 1916இல் இதைப் பற்றி எழுதினர். டித்ரனால் என்பது இப்போது வழங்கும் பெயர். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. முகத்தை மூடிக்கொண்டு சுரண்டவும் வேண்டியதில்லை. தூளுக்குத் தூள் வேறுபடும் வலிமையும் இல்லை. இவ்வளவு பங்கு என்று நிறுத்துக் கலக்கலாம். எரிச்சலும் கறையும் மட்டும் போகவில்லை.

இந்த இடத்தில்தான் நான் முதலில் சொன்ன சாலிசிலிக் அமிலம் வந்து சேர்கிறது. நம் நாட்டு ஆற்றுப்பாலையின் இனமாகிய வில்லோ மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிக்கிறது என்று எட்வர்டு ஸ்டோன் என்ற பாதிரியார் 1763இல் இலண்டன் இராயல் சங்கத்துக்கு எழுதினார். 1828இல் மியூனிக்கில் புக்னர் அப்பட்டையிலிருந்து சாலிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தார். 1838இல் இத்தாலியரான பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். பிறகு கோல்பே கண்ட முறையினால் 1874இல் டிரெஸ்டனுக்கு அருகே அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. மலிவாகக் கிடைத்தவுடன் தோல் மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். தடித்த மேல்தோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பிணைப்பை அது தளர்த்தும். பெர்லின் மருத்துவர் லாசார், துத்தநாகப் பற்பம், மாவு, வாசலின் இவற்றோடு சாலிசிலிக் அமிலமும் சேர்த்து ஒரு கெட்டிக் களிம்பு செய்தார்.

1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜான் இங்கிராம் என்ற மருத்துவர் ஒரு முறையை வெளியிட்டார். நோயாளி முதலில் நிலக்கரித் தார் கலந்த நீரில் குளிக்க வேண்டும். பிறகு புற ஊதா ஒளியில் நிற்க வேண்டும். அதன்பின் லாசார் களிம்பில் டித்ரனாலைக் கலந்து படையின்மேல் மட்டும் தடவிக் கட்ட வேண்டும். மறுநாள் கழுவிவிட்டு மீண்டும் அதே வேலை. களிம்பு கெட்டியாகையால் பக்கத்துத் தோலுக்கு வழிந்து ஓடாது. களிம்பில் உள்ள துத்தநாகப் பற்பம் டித்ரனாலைக் கெடுக்கக் கூடியது. அதைக் கெடாமல் காப்பது சாலிசிலிக் அமிலம். பிரேசில் காட்டு மரத்தின் வழித்தோன்றலை ஐரோப்பிய ஆற்றங்கரை மரத்தின் வழித்தோன்றல் காவல் காத்தது என்று சொல்லலாம். மருத்துவமனையில் சில வாரம் தங்கி இவ்வாறு செய்துகொண்டவர்களில் பலருடைய தோல் தெளிந்தது. 1980ஆம் ஆண்டையொட்டி, முழு நாளும் வைத்திருக்க வேண்டியதில்லை, சிறிது நேரம் பூசிக் கழுவினாலே பலன் உண்டு என்றும் கண்டார்கள். மருந்து நோயுற்ற தோலுக்குள் விரைவாகவும், நல்ல தோலுக்குள் மெதுவாகவும் புகுவதே காரணம். எரிச்சலைக் குறைக்கும் வழி மருந்தை மாற்றுவதில் இல்லாமல் கடிகாரத்தைப் பார்ப்பதில் இருந்தது!

பருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் உங்களுக்கு மனக்குறை இருக்கும். மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய உயிரணுக்கள் அடைத்துக்கொள்ள, உள்ளே எண்ணெய்ப் பசை தேங்க, அங்கு வாழும் நுண்ணுயிர் பெருக, அழற்சி உண்டாகிறது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கலக்கும் இயல்புடையதாகையால் அந்த அடைப்புக்குள் நுழைந்து தளர்த்துகிறது. நூற்றுக்கு அரைப் பங்கு முதல் இரண்டு பங்கு வரை கலந்தே அதைப் பருவுக்கு விற்கிறார்கள். கூடுதலாகப் பூசினால் கூடுதலாக ஆறும் என்பதில்லை, தோல்தான் உரியும். தேயிலை மர எண்ணெய் என்று ஒன்றைச் சிலர் சொல்வார்கள். பெயரைக் கண்டு மயங்காதீர்கள். தேயிலைச் செடிக்கும் அந்த ஆஸ்திரேலிய மரத்துக்கும் உறவில்லை. 1990இல் அங்கே 124 பரு நோயாளிகளைக் கொண்டு, நூற்றுக்கு ஐந்து பங்கு அவ்வெண்ணெய் கலந்த மருந்தையும், அதே அளவு பென்சாயில் பெராக்சைடு கலந்த மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டினாலும் பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. ஸ்குவயரின் காலத்தில் ஒரு நோயாளியின் தற்செயலான குணம் கண்டுபிடிப்பின் தொடக்கமாக இருந்தது. இப்போது அந்தத் தொடக்கத்துக்குப் பிறகு இத்தகைய ஒப்பீடு இல்லாமல் எவரும் நம்புவதில்லை. தானே ஆறிப்போகும் பருவுக்கும் மருந்தால் ஆறிய பருவுக்கும் வேறுபாடு காண வேறு வழியும் இல்லை.

டித்ரனாலின் செல்வாக்கு இன்று குறைந்துவிட்டது. கறைபடாத களிம்புகளும், அழற்சியைத் தூண்டும் புரதங்களையே தடுக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. விலையோ ஏழைக்கு எட்டுவதாக இல்லை. ஆகையால் பழைய டித்ரனாலை முற்றிலும் கைவிடாத மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

என் இளமையில் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் சீமையகத்திப் புதர் ஒன்று இருந்தது. மெழுகுவத்தி நட்டது போல மஞ்சள் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும். படர்தாமரை வந்தவர்கள் அதன் இலையைப் பறித்து எலுமிச்சஞ் சாறு விட்டு அரைத்துப் பூசுவார்கள். வண்டுகொல்லி என்றும் அதற்குப் பெயர் உண்டு. அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். 'சீமை' என்ற முன்னொட்டு அதைச் சொல்கிறது. ஆட்ஃபீல்டு கோவாத் தூளில் இருப்பதாகத் தவறாக எண்ணிய கிரைசோஃபானிக் அமிலம் அந்த இலையில் உண்மையாகவே இருக்கிறது.